ஹாலில் ஒரு பலாமரம்

(மும்பைக் கிளையின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் மாமி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "நான் என்ன தோட்டக்கலை படித்தவளா?" என்றுதான் கேட்டேன். பாங்கில் முப்பத்தோரு வருஷம் கணக்கெழுதிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். "நீங்க இதுவரைக்கும் கொன்ன செடிகளைப் பத்திச் சொன்னாலே போறும், ஒரு மணி நேரம் ஓடிடும்" என்றார் மாமி. அதை மறுக்க முடியவில்லை.

நான் பேசப்போவது மணி பிளாண்ட் பற்றி அல்ல, போன்சாய் பற்றியும் அல்ல. காட்டில் அறுபது அடி, எண்பது அடி வளரவேண்டிய ஒரு மரத்தை அதன் பால்ய வயசில் சில வருஷம் நம் வீட்டுக்குள் தொட்டியில் இலையழகுக்காக வைத்துக்கொள்வது பற்றி. பூ வேண்டாம், காய் வேண்டாம், இலை போதும் என்று வளர்ப்பது. இதில் புதுமை ஒன்றும் கிடையாது. டாக்டர் கிளினிக்கிலும் கல்யாண மண்டப வாசலிலும் நிற்கிற ரப்பர் செடி, குடை மாதிரி இலை விரிக்கிற ஷெஃப்ளெரா, டிசம்பரில் தெருவோரம் விற்கிற கிறிஸ்துமஸ் மரம் எல்லாமே மரக்குழந்தைகள்தான். செடி என்று நினைத்து வாங்குகிறோம். அது தன்னை மரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் வரும் தகராறெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

ரப்பர் செடியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது நம் வடகிழக்கு மாநிலங்களின் சொந்தப் பிள்ளை. ஆலமரத்துக்குத் தாயாதி. மேகாலயாவில் காசி, ஜைந்தியா மக்கள் ஆற்றுக்கு இருகரையிலும் நிற்கும் இந்த மரத்தின் விழுதுகளைப் பல வருஷம் பழக்கி, பின்னி, உயிருள்ள பாலமாக்கி அதன்மேல் நடந்து போகிறார்கள். படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாலத்தின் மேல் பத்துப் பேர் நிற்கலாம். அதே ஜாதி மரம்தான் நம் சோபாவுக்குப் பக்கத்தில் பீங்கான் தொட்டியில் தூசி படிந்து நிற்கிறது. இன்னொரு விசேஷம்: கன்றாக இருக்கும்போதுதான் அதன் இலை ஒரு அடிக்கு மேல் நீளமாக, பளபளவென்று இருக்கும். பெரிய மரமானபின் இலை கையகலம்தான். அதாவது நாம் ரசிக்கும் அழகு அதன் குழந்தைப் பருவத்து அழகு.

நீலகிரி, குடகுப் பக்கம் போனவர்கள் தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஓக்குக்கும் அதற்கும் உறவு கிடையாது. குளிர் தேசங்களில் அதன் கன்றை வீட்டுக்குள் தொட்டியில் வைத்துக்கொள்கிற வழக்கம் ரொம்ப நாளாக உண்டு. கன்றின் இலை பெரணி மாதிரி நுணுக்கமாக வெட்டுப்பட்டிருக்கும். இரண்டு மூன்று வருஷத்தில் காலில் உள்ள இலைகளை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நிற்கும். அப்புறம் புதுக் கன்றை வைப்பார்கள்.

இருட்டு ஹாலில் ஒரு மரம் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கலாம். மழைக்காடுகளில் பெரிய மரங்களின் விதை விழுந்து முளைப்பதே இருட்டில்தான். மேலே கூரை மாதிரி கிளைகள் மூடியிருக்கும். கீழே கன்று நாலைந்து இலையோடு, வளராமலும் சாகாமலும் வருஷக்கணக்கில் காத்திருக்கும். பக்கத்தில் ஒரு கிழமரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்தால் ஒரே தாவாகத் தாவி மேலே போகும். அந்தக் காத்திருக்கிற சுபாவத்தைத்தான் நாம் உபயோகப்படுத்திக்கொள்கிறோம். ஆகவே மழைக்காட்டு மரங்கள், பலா, ரப்பர், காப்பி போன்றவை வீட்டுக்குள் தாங்கும். மாவும் ஓரளவு தாங்கும். வேம்பு, முருங்கை, புளி தாங்காது. அவை வெயில் குடிக்கிற ஜாதி. கருவேப்பிலையும் அப்படித்தான். சமையலறை ஜன்னலில் கருவேப்பிலை வைத்து ஏமாறாதவர்கள் இந்தச் சபையில் இருந்தால் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை, பார்த்தீர்களா!

இனி என் கதை.

என் புக்ககம் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். 2011இல் அந்த வீட்டை விற்றோம். பிள்ளைகள் மூவரும் மூன்று ஊரில். மாமியார் தனியாக இருக்கமுடியாத நிலை. கொல்லையில் ஒரு வருக்கைச் சக்கைமரம் இருந்தது. எங்கள் பக்கத்தில் பலாவைச் சக்கை என்றுதான் சொல்வோம். மாமியார் செம்பூருக்கு வந்தபோது இரண்டு டிரங்குப்பெட்டி, ஒரு உருளி, ஈரத்துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பொட்டலத்தில் இருபது சக்கைக்குரு. எரிசேரிக்குத்தான் என்று நினைத்து ஃப்ரிட்ஜில் வைக்கப்போனேன். "அதைக் குளுருல வெச்சுக் கொல்லாதே. மண்ணு கொண்டா" என்றார்.

இதில் ஒரு தொழில் விஷயம் இருக்கிறது. பலாக்கொட்டை, மாங்கொட்டை, காப்பிக்கொட்டை இவற்றை அவரை விதை மாதிரி உலர்த்தி டப்பாவில் போட்டு அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்க முடியாது. ஈரம் போனால் உயிர் போச்சு. பலாக்கொட்டையைப் பழத்திலிருந்து எடுத்துக் கழுவி, முடிந்தால் அந்த வாரமே மண்ணில் போட்டுவிட வேண்டும். குளிரும் ஆகாது. எழுதப் படிக்க அதிகம் தெரியாத என் மாமியார் இதைச் சரியாகச் செய்தார். பாங்கு ஆபீசர் நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

ஏழு குரு போட்டோம். மூன்று வாரத்தில் ஐந்து முளைத்தன. இலை வந்தபோது எனக்குச் சந்தேகம். பலா இலை எப்படி இருக்கும்? முழுசாக, கிண்ணம் பண்ணுகிற மாதிரி இருக்கும். இதிலோ சில இலைகள் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்து, பப்பாளிக்குச் சின்னத் தங்கை மாதிரி இருந்தன. "அம்மா, இது வேற ஏதோ விதை கலந்துடுத்து போலிருக்கே" என்றேன். சிரித்துவிட்டார். "குழந்தையா இருக்கச்சே சக்கைக்கு விரல் இருக்கும்டி. பெரிசானா மூடிண்டுடும்." பிற்பாடு புத்தகத்தில் பார்த்தேன், பலாவுக்கு இளம்பருவ இலை வேறு, முதிர்ந்த இலை வேறு என்றுதான் போட்டிருந்தது.

ஐந்தில் இரண்டை நான் கொன்றேன். தண்ணீர் விட்டே கொன்றேன். அதனால் தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. வீட்டுக்குள் வெயிலும் காற்றும் இல்லாததால் தொட்டி மண் காய நாளாகும். தினம் ஸ்வாமி விளக்கேற்றுகிற மாதிரி தினம் தண்ணீர் விட்டால் வேர் மூச்சுத்திணறி அழுகும். இலை வாடும். வாடுகிறதே என்று இன்னும் ஒரு சொம்பு விடுவோம். அதோடு முடிந்தது. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் சொம்பைக் கீழே வைத்துவிடுங்கள். காய்ந்திருந்தால், அடித்துளை வழியாக வடியும்வரை விட்டு, அரைமணி கழித்துத் தட்டில் நிற்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் மாநகராட்சி ஆட்கள் டெங்கு கொசுப் புழு தேடி வரும்போது முதலில் பார்ப்பது இந்தத் தட்டைத்தான்.

வெளிச்சம் விஷயத்தில் நம் கண் நம்மை ஏமாற்றும். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால், ஜன்னலிலிருந்து பத்தடி உள்ளே தள்ளிச் சில நூறுதான் இருக்கும். நம் கண் பாப்பா விரிந்துகொள்வதால் நமக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை, செடிக்குத் தெரியும். பகல் பத்து மணிக்கு விளக்குப் போடாமல் பஞ்சாங்கத்துப் பொடி எழுத்தைப் படிக்க முடிகிற இடமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அங்கே பொம்மை வையுங்கள். கிழக்கு ஜன்னல் உத்தமம். இன்னொன்று, செடியை அடிக்கடி இடம் மாற்றாதீர்கள். நர்சரிகளில் விற்கும் வெள்ளை வரி போட்ட பெஞ்சமினா இருக்கிறதே, அது ரொம்ப ரோஷக்காரி. வாங்கிக்கொண்டு வந்த பத்தாம் நாள் பாதி இலையைக் கொட்டிவிடும். நோயல்ல. வெயிலுக்காகச் செய்த இலையைத் தள்ளிவிட்டு நிழலுக்கான இலையைத் தயார் செய்கிறது. பயந்து உரம் போடாமல் ஒரு மாசம் சும்மா இருந்தால் போதும்.

காப்பி டிகாக்‌ஷன் சக்கையைத் தொட்டியில் கொட்டலாமா என்று யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை. மக்கிய எருவில் கலந்து கொஞ்சம் போடலாம். தினம் அப்படியே கொட்டினால் மேலே பூஞ்சாளம் பூத்துத் தண்ணீர் இறங்காது. இலையைப் பளபளக்கச் செய்யத் தேங்காயெண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், எண்ணெயில் தூசி ஒட்டிக்கொள்ளும், இலையின் துவாரங்கள் அடைபடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். அப்படித் துடைக்கும்போதே இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று கண்ணில் பட்டுவிடும்.

மிஞ்சிய மூன்று பலாக்கன்றில் இரண்டை அண்டை வீட்டாருக்குக் கொடுத்தோம். ஒன்று ஹாலில் பிரெஞ்சு ஜன்னல் ஓரம் நின்றது. மாமியார் அதற்கு எதிரில்தான் நாற்காலி போட்டு உட்காருவார். சீரியல் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது அதிகம். புது இலை விடும்போது நுனியில் ஒரு உறை மூடியிருக்கும். அது பிரிந்து விழுந்தால் எடுத்து எனக்குக் காட்டுவார். ஆறு வருஷத்தில், 2017இல், தொட்டியோடு சேர்த்து எட்டரை அடி. கூரைக்கு ஒரு முழம்தான் பாக்கி. மேல் இலை மின்விசிறிப் பக்கம் சாய ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் மத்தியானம் தூங்கும்போது, கத்தரியால் தலையை இரண்டடி வெட்டிவிட்டேன். தோட்டக்கலைப்படி அதில் தப்பில்லை. பலாவும் ஆல வகைகளும் நுனியை வெட்டினால் கீழிருந்து கிளைக்கும். கிறிஸ்துமஸ் மரத்தைத்தான் அப்படி வெட்டக்கூடாது. நுனி போனால் அந்த அடுக்கடுக்கான வடிவம் திரும்ப வராது. ஆனால் வெட்டினால் பால் எவ்வளவு கொட்டும் என்று நான் யோசிக்கவில்லை. மொசைக் தரையெல்லாம் வெள்ளைச் சொட்டு. துடைக்கத் துடைக்க ஒட்டுகிறது. நான் துணியும் நல்லெண்ணெயுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் எழுந்து வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்கேயும் என்னைக் கேக்காம வெட்டினா. இங்கேயும் கேக்காம வெட்டறே."

எனக்குச் சுருக்கென்றது. கிராமத்து வீட்டை வாங்கினவர், கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கொல்லைச் சக்கைமரத்தை வெட்டின விஷயம் எங்களுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியவேண்டாம் என்று மூன்று பிள்ளைகளும் பேசிவைத்து மறைத்திருந்தோம். யாரோ ஊர்க்காரர் ஃபோனில் எப்போதோ சொல்லியிருக்கிறார். எத்தனை வருஷமாகத் தெரிந்திருந்ததோ! ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தக் கன்று வெறும் இலையழகு இல்லை, அந்த மரத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டே தினமும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் காப்பி கொண்டுபோய் வைத்து, "அம்மா, தப்புதான். கேட்டிருக்கணும்" என்றேன். காப்பியை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் மன்னிப்பு.

வெட்டின இடத்துக்குக் கீழே மூன்று கிளை வெடித்தது. அதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் அடுத்த வருஷம் அவரே சொன்னார்: "இதை மண்ணுல விட்டுடு. தொட்டியில எத்தனை நாள்தான் கையைக் காலை மடக்கிண்டு நிக்கும்?"

வீட்டுக்குள் மரம் வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த நாள் வரும். ரப்பருக்கும் பெஞ்சமினாவுக்கும் தள்ளிப்போட வழி உண்டு. ஜூனில் தொட்டியிலிருந்து எடுத்து, ஓரத்து வேரில் மூன்றில் ஒரு பங்கை நறுக்கி, புது மண் போட்டு அதே தொட்டியில் வைக்கலாம். தலையை விண்பதியம் போட்டுப் புதுச் செடியே ஆக்கிக்கொள்ளலாம். பலா, மா இவற்றுக்கு ஆணிவேர். அதைத் தொட்டால் கோபம் வரும். ஆகவே முதலிலேயே ஆழமான தொட்டியில் நேராக விதைக்க வேண்டும். அதற்கும் ஒரு வயசு எல்லை உண்டு. நாலைந்து வருஷத்தில் மண்ணுக்கு அனுப்பிவிடுவது மரியாதை. நாங்கள் தாமதம் செய்தோம்.

எங்கள் கட்டட வளாகத்தில் வைக்கக் கேட்டோம். காய் விழுந்து யார் காராவது நசுங்கும் என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. பலாக்காய் இருபது, முப்பது கிலோ வரை கனக்கும். கடைசியில் பத்லாபூருக்கு அப்பால் உறவினர் ஒருவரின் சிறு நிலத்தில் இடம் கிடைத்தது. 2018 ஜூன், நல்ல மழை பிடித்தபின், டெம்போவில் ஏற்றினோம். எண்பத்திரண்டு வயசில் மாமியாரும் வருவேன் என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அங்கே தொட்டியை உடைத்தபோதுதான் பார்த்தோம். ஆணிவேர் அடியைத் தொட்டுத் திரும்பி, கயிறு சுற்றின மாதிரி ஐந்தாறு சுற்று. தோட்டக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அப்படியே புதைத்தால் பின்னாளில் அந்த வேரே மரத்தின் கழுத்தை நெரிக்கும். வெட்டினால் இப்போதே பட்டுப்போகலாம். அவர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். "வெட்டுங்கோ" என்றார்.

மூன்று வாரத்தில் எல்லா இலையும் உதிர்ந்ததாக ஃபோன் வந்தது. அதை நான் அவரிடம் மறைக்கவில்லை. அன்றே சொன்னேன். "மழை இருக்கே, பாப்போம்" என்றார். ஆகஸ்டில் துளிர்த்தது.

2020 பிப்ரவரியில் அவர் காலமானார். மரம் 2024இல் முதன்முதலாக இரண்டு காய் காய்த்தது. பறித்து அரிந்து பார்த்தால் வருக்கை இல்லை, கூழைச் சக்கை! சுளை கொழகொழவென்று, சிப்ஸுக்கு உதவாத ரகம். பலா விதையிலிருந்து வந்தால் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்லமுடியாது, ஒட்டுக்கன்று அதற்காகத்தான். மாவிலும் இதே கதைதான். ஹாபூஸ் கொட்டை போட்டால் ஒரு கன்று, அதுவும் ஹாபூஸாக இருக்காது. ஆனால் கேரளத்து ஓளூர், சந்திரக்காரன், குருக்கன் மாதிரி சில ரகங்களில் ஒரே கொட்டையிலிருந்து நாலைந்து கன்று வரும். அவற்றில் பெரும்பாலானவை தாயின் அச்சு. வீட்டுக்குள் இலைக்காக வைப்பதென்றால் எதுவானால் என்ன? மாங்கன்று தளிர்க்கும்போது வரும் அந்தச் செம்புநிற இலைக்கு ஹாபூஸ், குருக்கன் என்ற பேதம் கிடையாது.

மற்ற ஊர்க்காரர்களுக்கும் இரண்டு வார்த்தை. டில்லி, சண்டிகரில் இருப்பவர்கள் டிசம்பர், ஜனவரியில் தொட்டியை ஜன்னல் கண்ணாடியிலிருந்து இரண்டடி உள்ளே நகர்த்தி, தண்ணீரை நன்றாகக் குறைத்துவிடுங்கள். ஹீட்டர் காற்றும் ஏ.சி. காற்றும் நேராகப் படக்கூடாது. பெங்களூர்க்காரர்கள் பாக்கியசாலிகள். குடகில் தெரிந்தவர்கள் இருந்தால் புதுக் காப்பிப்பழம் பத்து வாங்கி, சதையை நீக்கிப் போடுங்கள். காப்பி இயல்பாகவே பெரிய மரங்களின் நிழலில் வளரும் சிறு மரம். வீட்டுக்குள் அதற்கு நிகரான கரும்பச்சை இலை எனக்குத் தெரிந்து இல்லை. கடையில் வறுத்த கொட்டை வாங்கிப் போட்டு முளைக்கவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

வாட்ஸப்பில் சுற்றும் ஆக்ஸிஜன் கதை பற்றியும் கேட்டார்கள். 1989இல் நாசா ஆய்வு ஒன்றில் தொட்டிச் செடிகள் காற்றிலுள்ள சில நச்சு வாயுக்களை உறிஞ்சியது உண்மை. அது மூடிய சிறு பெட்டிக்குள் வைத்துப் பார்த்தது. 2019இல் வெளியான ஒரு மறு ஆய்வு, ஜன்னல் திறப்பதால் கிடைக்கும் பலனைச் செடியால் பெற ஒரு சதுர மீட்டருக்குப் பத்துக்குக் குறையாமல் செடி வேண்டும் என்று கணக்கிட்டது. ஆகவே ஜன்னலைத் திறங்கள். செடி கண்ணுக்கு.

பால் வடியும் மரம் வீட்டுக்குள் ஆகாது என்கிறார்களே என்று முன்வரிசையிலிருந்து ஒரு மாமி கேட்கிறார். சொல்கிறவர்கள் உண்டு. என் மாமியார் அத்தனை ஆசாரமும் பார்த்தவர். இதை மட்டும் பார்க்கவில்லை. வீணையும் மிருதங்கமும் பால் வடிந்த அதே பலாவில் செய்ததுதானே, அதை ஸ்வாமி அறையிலேயே வைக்கிறோமே என்பார். யாருக்கு மனசில் நெருடுகிறதோ அவர்கள் காப்பி, மா என்று வைத்துக்கொள்ளட்டும். அரசை மட்டும் நானும் உள்ளே கொண்டுவரமாட்டேன். பால்கனிச் சுவர் இடுக்கில் தானாக முளைத்தால், இரண்டு இலையாக இருக்கும்போதே வேரோடு எடுத்துக் கோவில் பக்கம் நட்டுவிடுங்கள். விட்டால் சுவரைப் பிளக்கும். அப்புறம் கொத்தனாருக்கும் செலவு, மனசுக்கும் கஷ்டம்.

வாசல் மேஜையில் ஈரத்துணி போட்ட கூடை ஒன்று இருக்கிறது. இந்த வருஷம் அந்த மரத்தில் பதினொரு காய். அதன் குரு. கூழைதான், முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஒருவர் இரண்டு எடுத்துக்கொள்ளலாம். ஒரு அடிக்குக் குறையாத ஆழத் தொட்டி, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். ஒரு அங்குல ஆழத்தில் படுக்கவைத்துப் போட வேண்டும். நாளைக்கே போட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.